கண்டிச் சீமையில் சின்னக் கலியாணம்: வீட்டாருக்கும் விருந்தாளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

கண்டி நகரிலும், ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, மடுல்கலை, ரங்கலைத் தோட்டங்களிலும் கலியாணம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், அந்த வீடுகளுக்குப் போகவிருக்கும் உறவுகளுக்கும்:

கண்டிப் பகுதியில் சின்னக் கலியாணம் என்றால் ஹோட்டல் மண்டபத்தை விட்டு, வீட்டு வாசலிலோ கோவில் முன்றலிலோ தோட்டத்து மைதானத்திலோ நடக்கும் கலியாணம். வருவோர் நூறு, நூற்றைம்பது, மிஞ்சினால் இருநூறு பேர். கூலிக்கு அமர்த்தப்படுவோர் அநேகமாக ஐயரும் மேளக்காரரும் வீடியோக்காரரும் மட்டுமே. பந்தல் போடுவது, தண்ணீர் சுமப்பது, சமைப்பது, பரிமாறுவது, வந்தவரை உட்காரவைப்பது எல்லாம் உறவுக்காரரும் அயல் லயத்தாரும் பங்கு போட்டுச் செய்யும் வேலை. இக்கலியாணத்தின் குறையும் நிறையும் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்துதான் பிறக்கின்றன. வேலைக்கு ஒரு பொறுப்பாளி இல்லாததால் எதுவும் சொன்ன நேரத்துக்கு நடப்பதில்லை. வேலையில் எல்லோருக்கும் பங்கு இருப்பதால் வந்தவர் யாரும் வேற்றாளாய் ஒதுங்கி நிற்பதில்லை. குறையைத் திருத்தப் போய் நிறையையும் சேர்த்துத் துடைத்துவிடும் அபாயம் இப்போது கண்டிப் பக்கத்தில் உண்மையாகவே இருக்கிறது. எதை இறுக்கிப் பிடிக்க வேண்டும், எதை அதன் போக்கில் விடலாம் என்பதே இங்கே விளக்கப்படுவது.

கண்டிக்கும் தமிழகத்துக்கும் உள்ள கலியாணத் தொடர்பு தேயிலைக்கு முந்தியது. கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள்; பெண்ணோடு பெண்ணின் சொந்தங்களும் வந்து தலைநகரில் தங்கின. 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்கு வாரிசு இல்லாமல் இறந்தபோது ராணியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். ஒரு கலியாணச் சம்பந்தம் ஓர் அரச வம்சத்தையே மாற்றியது. 1815 மார்ச் 2ஆம் திகதி எழுதப்பட்ட கண்டி ஒப்பந்தத்தோடு அந்த வம்சம் முடிந்தது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே மறைந்தான். அவன் வெட்டுவித்த கண்டி வாவிக் கரையில்தான் இன்று புதுமணத் தம்பதிகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்றைய சின்னக் கலியாணத்தின் உருவம் தோட்டத்திலிருந்து வந்தது. கோப்பிக் காலத்தில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகளின் கீழ் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். 1869இல் கண்ட இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, மலைகளெங்கும் தேயிலை ஏறியது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கை வேண்டும், அதிலும் கொழுந்து எடுக்கப் பெண்களின் கை வேண்டும். குடும்பங்கள் தங்கிவிட்டன. பெண் பார்ப்பதும் பரிசம் போடுவதும் தாலி கட்டுவதும் அதன் பிறகே தோட்டத்து நிகழ்ச்சிகளாயின.

குடியிருக்கக் கிடைத்தது லயம் எனும் வரிசை வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அதற்குள் மணவறையும் போட முடியாது, பந்தியும் வைக்க முடியாது. ஆகவே பந்தல் வாசலுக்கு வந்தது. அடுப்பு கொல்லைப்புறக் கானுக்கு அப்பால் போயிற்று. பெண்ணை அலங்கரிக்க ஒரு வீடு, மாப்பிள்ளை வீட்டாரை இறக்க இன்னொரு வீடு, சீர்த் தட்டுகளை வைக்க மூன்றாவது வீடு என்று லயம் முழுவதும் கலியாண வீடாயிற்று. அழைப்பிதழ் கிடைத்தவர், கிடைக்காதவர் என்ற பேச்சே அந்த வரிசைக்குள் எழவில்லை. இட நெருக்கடியால் வந்த இந்த வழக்கம், தனி வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்களிலும், கண்டி மஹியாவை போன்ற நகரக் குடியிருப்புகளிலும் இன்னும் உயிரோடு இருப்பது அதன் பலத்துக்குச் சான்று.

பிரஜாவுரிமைச் சட்டங்கள் இக்கலியாணங்களில் விட்டுச் சென்ற தழும்பு ஒன்று உண்டு. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும் என்று எண்ணிப் பிரித்தது. எந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பெண் கொடுப்பது என்ற கேள்வி, எந்த நாட்டில் வாழப் போகிறாள் என்ற கேள்வியாக மாறிப்போனது. அண்ணன் நீலகிரிக்குக் கப்பலேற, தங்கை தெல்தோட்டையில் தங்கிய வீடுகள் எத்தனையோ. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டிய நேரத்தில் தாய்மாமன் கடலுக்கு அப்பால் இருந்தார். அந்த இடத்தில் அடுத்த லயத்துப் பெரியவர் ஒருவர் மாமன் முறை சொல்லிச் சீர் வைத்தார். தோட்டத்தில் முறை சொல்லிப் பழகினால் அது உறவுதான். மாமன் சடங்குக்கு ஆள் தேடிக் கலியாணம் அரை மணி தாமதிப்பதைப் பார்த்து நகரத்து விருந்தாளிகள் முகம் சுளிப்பதுண்டு. அந்தத் தாமதத்தின் பின்னால் இவ்வளவு வரலாறு நிற்பதை அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

நாள் குறிப்பதில் தொடங்கி ஒழுங்கு தேவைப்படுகிறது. ஆடியும் மார்கழியும் நீங்கலான மாதங்களில் பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் எடுப்பது எல்லோரும் செய்வது. வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதை இரு வீட்டாரும் முதலிலேயே பேசிக்கொள்ளாவிட்டால் பின்னால் மனக்கசப்பு வரும். கண்டிக்கே உரிய வேறு கணக்குகளும் உள்ளன. பௌர்ணமி தோறும் வரும் போயா தினத்தில் இறைச்சிக் கடையும் மதுக்கடையும் நாடெங்கும் பூட்டப்படும். தாலி கட்டும் பந்தி மரக்கறி என்றாலும் மறுநாள் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குக் கோழியும் ஆட்டிறைச்சியும் வேண்டியிருப்பதால், அந்த நாள் போயாவில் விழுகிறதா என்று நாட்காட்டியில் பார்த்துவிட வேண்டும். எசல பெரஹர நடக்கும் நாட்களில் கண்டி நகர வீதிகள் மூடப்படும், தங்குமிடம் கிடைக்காது. அது பெரும்பாலும் ஆடியோடு ஒட்டி வருவதால் தமிழ்க் கலியாணங்கள் தப்பிக்கொள்கின்றன, ஆவணியில் நாள் வைப்போர் மட்டும் கவனித்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்குப் பின் மழை கட்டாயம் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். மாதத்தின் பத்தாம் திகதிக்குப் பிறகு, சம்பளம் கைக்கு வந்த வார இறுதியில் கலியாணம் வைத்தால் மொய் எழுத வருவோருக்குச் சங்கடம் இராது. இதைச் சொல்லிக் கொடுக்க எந்தப் பஞ்சாங்கமும் இல்லை. தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும்.

செலவைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டியிருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாயாகவும் 2024 செப்டம்பரில் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஹோட்டல் மண்டபத்தில் ஒரு தலைக்குச் சாப்பாடு அதைவிடக் கூட. இருநூறு பேரை அங்கே அழைத்தால் ஒருவருடைய இருநூறு நாள் உழைப்புக்கு மேல் ஒரே மத்தியானத்தில் கரைந்துவிடும்; மண்டபத்தை மாலைக்குள் காலி செய்து கொடுக்கவும் வேண்டும். இதற்காக நகையை அடகு வைப்பதும், சீட்டை முன்கூட்டியே எடுப்பதும், நுண்கடன் வாங்கி வாராவாரம் கட்டுவதும் இப்போது தோட்டப் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டன. முன்னாளில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் போட்ட சமூகத்தில் இன்று பெண் வீட்டார் சீதனமும் கொடுத்து மண்டபமும் எடுக்கும்படி ஆகியிருப்பது வருந்தத்தக்கது. கலியாணம் தடுமாற்றமாக நடந்தது என்ற பேச்சு மூன்று நாளில் மறையும். கடன் முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை கூட வரும்.

சின்னக் கலியாணத்தின் உறுதி எவ்வளவு என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. அந்நியச் செலாவணி தீர்ந்து நாடு தவித்த அந்த ஆண்டில், மார்ச் மாத இறுதியில் நாளுக்குப் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. சமையல் எரிவாயுவுக்கு நாட்கணக்கில் வரிசை. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. மண்டபக் கலியாணம் என்பது மின்சாரம், எரிவாயு, பெற்றோல் மூன்றையும் நம்பி நிற்பது. மூன்றும் ஒரே நேரத்தில் போனபோது அது நிலைகுலைந்தது. லயத்து வாசலில் அடுப்பு முன்பும் விறகடுப்பே. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறு கட்டுக் கட்டாக வீட்டுக்கு வீடு இருந்தது. பகலில் தாலி, பகலில் பந்தி என்று நேரத்தை மாற்றிக்கொண்டால் விளக்கு வேண்டியதில்லை. மலைக்கு அப்பாலுள்ள தோட்டத்து உறவுகள் குறுக்குப் பாதையில் நடந்து வந்தார்கள். வர முடியாமல் போனவர்கள் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள். அந்தக் குறை பெரிய குறைதான். 2020 மார்ச் 20ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கையும் அதைத் தொடர்ந்த கொரோனாக் கட்டுப்பாடுகளையும் கடந்து வந்தவர்கள் அடுத்தடுத்து இரண்டாம் முறையாக இந்தப் பாடத்தைப் படித்தார்கள்.

கலியாண நாளன்று இறுக்கிப் பிடிக்க வேண்டிய முதல் விஷயம் முகூர்த்தம். சிங்களக் கலியாணத்தில் போருவ எனும் மணமேடையில் ஏறுவதற்கும் மோதிரம் மாற்றுவதற்கும் தனித்தனியே நிமிடம் குறித்த நெகத் எனும் சுபநேரம் உண்டு. தமிழ் முகூர்த்தம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் நீளும். அந்த நீளம் தாராளமாகத் தோன்றுவதால்தான் எல்லோரும் அசட்டையாக இருந்து கடைசிக் கால் மணி நேரத்தில் ஓடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டு வேன் தாமதிப்பதே வழக்கமான காரணம். தோட்டத்து ரோடு குண்டும் குழியுமாக இருக்கும். எதிரே கொழுந்து லொறி வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். கண்டி நகரைக் கடந்து வருவதானால் கட்டுகஸ்தோட்டை, பேராதனை வீதிகளின் நெரிசலில் எவ்வளவு நேரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தூரத்து மாப்பிள்ளையை முதல்நாள் மாலையே வரவழைத்து அயல் வீட்டில் தங்கவைப்பது ஒன்றே நிச்சயமான வழி. அந்த இரவில் இரு வீட்டு இளசுகளும் சேர்ந்து தேங்காய் துருவுவதும் மாலை கட்டுவதும் நடக்கும். அந்தப் பழக்கத்தில் மறுநாள் பந்தலில் பாதிப் பேருக்கு அறிமுகமே தேவைப்படாது.

ஐயர் அடுத்த கவலை. நல்ல முகூர்த்த நாளில் ஒரே ஐயர் காலையில் கட்டுகலைப் பிள்ளையார் கோவிலில் ஒரு கலியாணமும் பின்னர் மலையில் ஒரு கலியாணமும் ஏற்றிருப்பார். முதலாவது நீண்டால் இரண்டாவது காத்திருக்கும். கோவில் பூசாரியோ குடும்பத்து மூத்தவரோ தாலியை எடுத்துக் கொடுத்து நடத்தும் கலியாணத்துக்கும் தோட்டங்களில் நீண்ட வழக்கம் உண்டு. தமிழ்நாட்டிலும், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டு, சடங்கில்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்றானது. ஐயர் வரவில்லை என்று பெண்ணைக் கண்கலங்க உட்காரவைத்திருப்பதைவிட, பெரியவர்கள் கூடி வாழ்த்தித் தாலி கட்டவைப்பது முறையான மாற்று. இரு வீட்டாரும் இதை முன்பே பேசி வைத்திருந்தால் போதும்.

இறுக்கிப் பிடிக்க வேண்டிய இரண்டாவது விஷயம் சாப்பாடு. கலியாணத்தில் மகிழ்ச்சியும் மனத்தாங்கலும் இங்கேதான் முடிவாகின்றன. வழக்கமான மரக்கறிப் பந்தியில் சோறு, பருப்பு, சாம்பாறு, போஞ்சி, கோவா, கிழங்குப் பிரட்டல், பீட்ரூட், அப்பளம், வடை, பாயாசம் இருக்கும். ருசியில் குறை வருவது அரிது. கிடாரத்தில் கைபட்ட சமையற்காரர் ஒருவர் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. தடுமாறுவது பந்தியின் கணக்கு. இருநூறு பேர் வந்திருக்க, ஒரே நேரத்தில் நாற்பது பேருக்குத்தான் இடம் என்றால் ஐந்து பந்தி. ஒரு பந்திக்கு இலை போட்டு, பரிமாறி, உண்டு, எடுத்துத் துடைக்க அரை மணி பிடிக்கும். ஆக கடைசிப் பந்தி உட்கார இரண்டு மணி நேரம் ஆகும். சமையல் எவ்வளவு வேகமாக முடிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இதைக் குறைக்க ஒரே வழி உட்காரும் இடத்தைக் கூட்டுவது: இஸ்தோப்பு, பிள்ளை மடுவம், கோவில் மண்டபம் என்று எங்கெல்லாம் பாய் விரிக்கலாமோ அங்கெல்லாம் விரிப்பது. அது முடியாவிட்டால் யார் முதலில் என்பதையாவது நன்றாகத் தீர்மானிக்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கும், தலைவர்மாருக்கும், தோட்டத்து உத்தியோகத்தருக்கும் என்று போய்விடுகிறது. முதலில் உட்கார வேண்டியவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள், முதியவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், பசியில் அழும் குழந்தைகள். தெல்தோட்டையிலிருந்தோ ரங்கலையிலிருந்தோ கண்டிக்கு இறங்கும் கடைசி பஸ் போய்விட்டால் அந்த விருந்தாளிக்கு இரவு தங்க இடம் தேட வேண்டியிருக்கும். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை, அவருடைய வேன் வெளியே நிற்கிறது. மதிப்புக்குரியவர்களை முதலில் கவனிக்க வேண்டும் என்பது சரியே. ஆனால் பொறுத்திருந்து பிறகு சாப்பிடும் பெரிய மனிதரை லயம் முழுதும் புகழ்ந்து பேசும்.

சமைத்த பெண்கள் கடைசியில் சாப்பிடுவது இக்கலியாணங்களின் உண்மையான அநீதி. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியவர்களுக்குப் பிற்பகல் நான்கு மணிக்கு அடிப்பிடித்த சோறும் ஆறிப்போன பருப்பும் மிஞ்சுகின்றன; தாலி கட்டுவதைக்கூட அவர்கள் பார்ப்பதில்லை, மேளச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்தே அட்சதை தூவுவதுபோல் கையைத் தூக்குவதோடு சரி. எல்லோரும் மகிழ்ந்த கலியாணம் என்று சொல்லும்போது அந்த எல்லோரில் இவர்களும் அடங்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் அடுப்புக்கு இரண்டு ஆண்களை நிறுத்துவதும், மூன்றாம் பந்தியில் சமையல் பெண்களை உட்காரவைத்து ஆண்கள் பரிமாறுவதும் கடினமான காரியங்கள் அல்ல. சில தோட்டங்களில் இளைஞர் மன்றப் பிள்ளைகள் இதை ஏற்கெனவே செய்து வருகிறார்கள்.

கலியாண நாளின் மற்றவற்றை அவற்றின் போக்கில் விடலாம். கதிரை போதாமல் போகும். கோவில் கமிட்டியிடமும் மரண உதவிச் சங்கத்திடமும் இருப்பதைத் திரட்டினாலும் போதாது. நிற்பவர்கள் பேசிக்கொண்டு நிற்பார்கள், பேச்சு நின்றபடி நடந்தால் ஒரே இடத்தில் அடைந்து கிடப்பதில்லை. மழை வந்தால் படங்கில் தண்ணீர் தேங்கும். கம்பால் குத்தித் தள்ள இரண்டு பையன்களை நிறுத்தினால் அது அவர்களுக்கு ஒரு பதவி. சேறு மிதித்த பந்தலில் பட்டுச் சேலைகளை முழங்காலளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தைமார் வரிசையாக நடப்பார்கள். அவர்களைக் கைபிடித்து இறக்கிவிடும் மருமக்கள் அப்போதுதான் முதன்முதலாய் அவர்களோடு பேசுவார்கள். ஜெனரேட்டர் நின்றுபோனால் பாட்டு நிற்கும். யாராவது ஒருவர் தப்பை எடுத்துச் சூடு காட்டித் தட்டத் தொடங்குவார், பிறகு ஸ்பீக்கரை யாரும் தேடமாட்டார்கள். மண்டபத்தில் இத்தனையும் கூலிக்கு அமர்த்திய ஆட்களால் தீர்க்கப்படுகின்றன. வாசலில் விருந்தாளிகள் தீர்க்கிறார்கள். கலியாணத்தை நடத்திக் கொடுத்தவர் தாமே என்ற நிறைவோடு அவர்கள் வீடு திரும்புகிறார்கள். அழகாக அச்சிட்ட அழைப்பிதழாலும் உபசரிப்பாலும் அந்த நிறைவைக் கொடுக்க முடியாது.

விருந்தாளிகள் அறிய வேண்டியதும் இதுவே. இவ்வகைக் கலியாணத்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துப் பந்தியில் ஒரு சுற்று வந்தாலே போதும். குடித்துவிட்டு வருவது மட்டும் மன்னிக்க முடியாதது. தோட்டக் கலியாணம் கைகலப்பில் முடிந்த கதைகளில் பெரும்பாலானவற்றின் தொடக்கம் ஸ்டோர் பக்கத்தில் ஒளித்து வைத்த போத்தல்தான். ஒழுங்கின்மையால் ஒரு கலியாணமும் கெட்டதில்லை. குடியால் கெட்டவை உண்டு. பொறுப்பான மாமன்மார் இருவரை இதைக் கவனிக்கவென்றே நியமிக்கும் வீடுகள் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கின்றன.

கண்டிப் பகுதிக் கலியாணத்தின் இன்னொரு அழகு அயலார். தோட்டத்தை ஒட்டிய கிராமத்துச் சிங்களக் குடும்பங்கள் காலையிலேயே பழக்குலையும் பலாக்காயும் அனுப்பும். அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் சமையற்காரரே மறுநாள் புரியாணிக்குக் கிடாரத்தோடு வருவார். ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் அவர்களது சஹன் பழக்கம் மாப்பிள்ளை வீட்டு இளைஞர்களுக்கு மிகவும் பிடித்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு எரிக்கப்பட்ட மாவட்டம் இது. அப்படிப்பட்ட இடத்தில் மூன்று மொழி பேசுவோர் ஒரே பந்தலில் மழைக்கு ஒதுங்கி, ஒரே கேத்தலிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் குடிப்பதன் மதிப்பைக் குறைத்து எண்ணக் கூடாது. அழைப்புப் பட்டியலைச் சுருக்கும்போது அயல் கிராமத்தாரின் பெயர்களை முதலில் வெட்டிவிடும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது.

இறுக்கிப் பிடிக்க வேண்டிய மூன்றாவது விஷயம் பதிவு. கண்டிச் சிங்களவருக்கு 1952இன் 44ஆம் இலக்கக் கண்டிய விவாகச் சட்டமும், முஸ்லிம்களுக்கு 1951இன் 13ஆம் இலக்கச் சட்டமும் தனியே உண்டு. தமிழர் பதிவது 1907இன் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ். 1995இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின் இருவருக்கும் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பிரிவு விவாகப் பதிவாளரிடம் முன்னறிவித்தல் கொடுத்து, குறித்த நாட்கள் கழிந்த பிறகே எழுத்து வைக்க முடியும்; அவசரமென்றால் விசேட அனுமதி பெற வேண்டும். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் தமிழில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது தோட்டத்துப் பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் சிக்கல். அதைத் திருத்த மாதங்கள் ஆகும் என்பதால், பந்தல் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கடதாசிகளை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

கோவிலில் தாலி கட்டினாயிற்று, ஊரே பார்த்தது, பிறகு எதற்கு எழுத்து என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழக்கப்படி நடந்த கலியாணத்தை நீதிமன்றம் ஏற்கும் என்பது உண்மையே; ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் முழுவதும் கைம்பெண்ணின் தலையில் விழும். ஊழியர் சேமலாப நிதியைப் பெறவும், பிள்ளையின் பிறப்பைப் பதியவும், கணவன் வெளிநாடு போயிருக்கும்போது வங்கியில் காரியம் பார்க்கவும் ஒரு தாள் கையில் இருந்தால் அலைச்சல் இல்லை. பதிவாளரைப் பந்தலுக்கே அழைக்க ஏற்பாடு செய்யாத வீடுகள், கலியாணத்துக்கு முன்னரே அலுவலகத்தில் எழுத்தை முடித்துக்கொள்வது நல்லது. கலியாண நாளின் இரைச்சலில் அது தள்ளிப்போனால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்.

கடைசியாக மொய். கொப்பியும் பேனையுமாக மேசையில் உட்காரும் இருவரும் கணக்கில் தெளிவானவர்களாகவும் இரு பக்கத்து ஆட்களையும் அறிந்தவர்களாகவும் இருக்க வேண்டும். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிசன், தொகை என்று ஐந்தும் எழுதப்பட வேண்டும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடமை. கொப்பி தொலைந்த வீடு பிற்காலத்தில் வெட்கப்பட நேரும். மலையகத்தார் பலரின் பூர்வீகமான புதுக்கோட்டைப் பக்கத்தில் மொய் விருந்து என்று தனியாகவே விருந்து வைத்து, தொழிலுக்கும் கடனுக்கும் முதல் திரட்டும் வழக்கம் இன்றும் நடக்கிறது. தோட்டத்தில் அது அவ்வளவு பெருகவில்லை. கலியாணச் செலவில் ஒரு பகுதியை அயலார் சிறிது சிறிதாகத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடாகவே நிற்கிறது, அப்படியே நிற்பதும் நல்லது.

மறுவீடு முடிந்த மறுநாள் இரவல் பொருட்கள் திரும்ப வேண்டும். கிடாரம், அண்டா, கரண்டி, பாய், கதிரை, படங்கு ஆகியவற்றை யாரிடமிருந்து எத்தனை வாங்கினோம் என்று மொய்க் கொப்பியின் பின்பக்கத்திலேயே குறித்து வைப்பது வசதி. பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கி, மிஞ்சிய பலகாரத்தில் ஒரு பொட்டலம் உள்ளே வைத்துக் கொடுப்பது தோட்டத்து மரியாதை. உடைந்த கதிரைக்குக் கோவில் கமிட்டியிடம் பணம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். விவாகச் சான்றிதழின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெற்று, ஒன்றைப் பெண்ணிடமும் ஒன்றை மாப்பிள்ளையிடமும் கொடுத்துவிட வேண்டும்.